பெரம்பூர்ப் பெட்டி

ஒரு பழைய பொருள் வழக்கொழிந்து போகும்போது அதைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் முக்கால் பங்கு எழுதுகிறவருடைய பால்ய காலத்தைப் பற்றியதாகவே இருக்கும். மிச்சமுள்ள கால் பங்கில்தான் பொருள் இருக்கும். பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலையின் பழைய மாதிரி ரயில் பெட்டி விஷயத்திலும் இப்படித்தான் நடந்து வருகிறது. 2018 ஜனவரியில் அந்த மாதிரியில் கடைசிப் பெட்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. அது முதல் ஒவ்வொரு வண்டியாகப் பழைய பெட்டிகளைக் கழற்றிவிட்டு, ஜெர்மன் மாதிரியில் செய்த எல்.எச்.பி. பெட்டிகளைக் கோத்து வருகிறார்கள். ஒவ்வொரு வண்டி மாறும்போதும் யாராவது ஒருவர் கண்ணீர் விடுகிறார். கண்ணீரைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. எதற்காக விடுகிறோம் என்பதில் மட்டும் கொஞ்சம் தெளிவு இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

ஒரு நாவலை மதிப்பிடும்போது மூன்று கேள்விகள் கேட்கலாம். ஆசிரியர் என்ன செய்ய நினைத்தார்? அதைச் செய்தாரா? செய்ததில் எது நிற்கும், எது நிற்காது? நாவலை நேசிக்கிற வாசகருக்கு இந்தக் கேள்விகள் ரசிக்காமல் இருக்கலாம். ஆனாலும் நேசத்துக்கு இவை கெடுதல் செய்வதில்லை. ரயில் பெட்டியையும் இப்படியே மதிப்பிட்டால் என்ன?

1955 அக்டோபர் 2-ம் தேதி ஜவாஹர்லால் நேரு பெரம்பூர்த் தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். ஸ்விட்சர்லாந்தில் ஜூரிச்சுக்கு அருகே ஷ்லீரன் என்ற ஊரில் இருந்த ஒரு கம்பெனியின் தொழில் நுட்பம் அது. அதுவரை நம் நாட்டில் பெரும்பாலான பெட்டிகள் இரும்புச் சட்டத்தின் மேல் மரக்கூடு கட்டியவை. பாரத்தைச் சட்டம் தாங்கும். கூடு வெறுமனே மேலே உட்கார்ந்திருக்கும். பெரம்பூர்ப் பெட்டியில் தரை, பக்கச் சுவர், கூரை எல்லாமே எஃகுத் தகட்டில் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, ஒரே குழாய் போலச் சேர்ந்து பாரத்தைத் தாங்கின. தொழிற்சாலையின் பெயரில் உள்ள 'இன்டெக்ரல்' என்ற வார்த்தைக்கு இதுதான் அர்த்தம். ஆரம்பத்தில் பெரம்பூரில் கூடு மட்டுமே செய்தார்கள். உள்ளே ஆசனமும் விளக்கும் விசிறியும் பொருத்தும் பகுதி 1962-ல்தான் அங்கே வந்தது.

இந்த இடத்தில் ஒரு சமாசாரத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெட்டி வந்த காலத்தில் அதைப் பாதுகாப்பான பெட்டி என்றே கொண்டாடினார்கள். மரப்பெட்டிகள் மோதலில் சிதறும். ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்ளும். எஃகுப் பெட்டி அப்படிப் புகாது என்பதே அதன் பெருமை. ஆசிரியர் செய்ய நினைத்தது இதுதான்: ஏழை பணக்காரர் என்ற வித்தியாசமில்லாமல் எல்லோரும் ஏறக்கூடிய ஒரு பெட்டி, மரப்பெட்டியைப் போலக் கொல்லாத ஒரு பெட்டி, அதையும் நம் ஊரிலேயே நம் ஆட்கள் செய்ய வேண்டும். 1955-ல் இது சின்ன ஆசையல்ல. ஏறக்குறைய 63 வருஷம் அந்த மாதிரி விடாமல் தயாராயிற்று. இத்தனை காலம் ஒரே அச்சில் வந்துகொண்டிருந்த வேறொரு பொருளை நம் வீடுகளில் தேடினால் கிடைப்பது சிரமம்.

இனி, இரங்கல் கட்டுரைகள் இந்தப் பெட்டியை எதற்காகப் புகழ்கின்றன என்று பார்ப்போம்.

முதலில் சத்தம். 'தடக் தடக்' என்ற அந்தத் தாளம் இனிக் கேட்காது என்று வருந்தாதவர் இல்லை. அந்தத் தாளத்தைப் போட்டது பெட்டி அல்ல, தண்டவாளம். அகலப் பாதையில் ஒரு தண்டவாளத் துண்டின் நீளம் 13 மீட்டர். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே வெயிலில் நீள்வதற்காக விட்ட இடைவெளியைச் சக்கரம் தாண்டும்போது எழுகிற சத்தம்தான் அது. துண்டுகளைப் பற்றவைத்து நீளத் தண்டவாளமாக்கிய பாதைகளில் பெரம்பூர்ப் பெட்டியும் மௌனமாகத்தான் ஓடிற்று. தாளம் பெட்டிக்கு முன்பே போய்விட்டது. அழுகை இப்போதுதான் வந்திருக்கிறது.

அடுத்தது கரி. கண்ணில் விழுந்த கரித்தூளையும், ஊர் போய்ச் சேர்ந்ததும் வெள்ளைச் சட்டையை உதறியதையும் பெட்டியின் கணக்கில் எழுதுகிறார்கள். அது நீராவி என்ஜினின் கைங்கரியம். அகலப் பாதைகளில் 1990-களிலேயே அதன் கதை முடிந்துவிட்டது.

மூன்றாவது பேச்சு. எதிரெதிரே உட்கார்ந்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துப் பகிர்ந்துகொண்டு, விழுப்புரத்தில் ஆரம்பித்த உறவைத் திருநெல்வேலியில் விலாசம் வாங்கிக்கொள்வது வரை வளர்த்த பேச்சு. தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' கதையைப் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ரயிலில் ஒரு சின்னப் பையன். எதிரே, பிழைப்புக்காகக் கல்கத்தாவுக்கு அனுப்பப்படுகிற ஒரு சின்னப் பெண். பையன் தன் ஆரஞ்சுப் பழத்தை அவளுக்குக் கொடுக்கிறான். கதை அவ்வளவுதான். அந்தக் கதை நடக்க வேண்டுமானால் இரண்டு குழந்தைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சில மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கதை ஓடுவது திருச்சி மாயவரம் பாதையில்; அந்நாளில் அது மீட்டர் கேஜ். பெரம்பூரின் அகலப் பாதைப் பெட்டிக்கு அங்கே வேலையே இல்லை. எதிரெதிர் ஆசனம் அதற்கு முன்பும் இருந்தது. பின்னால் வந்த எல்.எச்.பி. தூங்கும் பெட்டியிலும் இருக்கிறது. பேச்சு குறைந்துவிட்டது உண்மை. அதற்குக் காரணம் நம் கையிலுள்ள டெலிபோன். பெட்டியை மாற்றாமல் வைத்திருந்தாலும் அது பேச்சைத் தின்றுதான் இருக்கும்.

இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டால் பெட்டிக்கென்று சொந்தமாக என்ன மிஞ்சுகிறது? நிறைய மிஞ்சுகிறது. கட்டுரைகள் அதைத்தான் கவனிப்பதில்லை.

ஒரு தூங்கும் பெட்டியில் 9 தடுப்புகள், தடுப்புக்கு 8 பேர், மொத்தம் 72 பேர். பகலில் உட்காரவும் இரவில் படுக்கவும் அதே பலகை. நடுப் பலகையைச் சங்கிலியில் மாட்டினால் படுக்கை. இறக்கிவிட்டால் கீழே இருப்பவருக்கு முதுகு சாய்க்கும் இடம். ஒருவர் தூங்குவதற்கு மற்ற இருவரும் சம்மதித்தாக வேண்டும். சம்மதத்தைப் பலகையிலேயே வைத்துத் தைத்த இந்த ஏற்பாட்டைக் குடித்தனம் நடத்தத் தெரிந்த யாரோதான் யோசித்திருக்க வேண்டும். பெட்டியின் அடியில் சுருள்வில்லும், எண்ணெய்க் குப்பிக்குள் இறங்கி ஏறுகிற தண்டும் சேர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஓடுகிற வேகம் மிதமாக இருந்தால் அது தொட்டில் போல ஆடுமே தவிரத் தூக்கிப் போடாது. விளக்குக்கும் விசிறிக்கும் வேண்டிய மின்சாரத்தைச் சக்கரம் சுற்றுகிற வேகத்திலேயே பெட்டி தானாக உண்டாக்கிக்கொள்ளும். எந்த ஊர்ப் பணிமனையிலும் சுத்தியலும் திருகுசாவியும் தெரிந்த ஆள் அதைப் பழுது பார்த்துவிடுவார். இவை பெட்டியின் சொந்த குணங்கள்.

இன்னொன்றும் உண்டு, அது தொழிற்சாலையில் பிறந்த குணம் அல்ல. இரண்டாம் வகுப்பில் வெறும் மரப்பலகையில்தான் ஜனங்கள் படுத்துக் கிடந்தார்கள். 1977-ல் ரயில்வே மந்திரியான மது தண்டவதே, அந்தப் பலகைக்கு 2 அங்குல நுரை மெத்தை போட ஏற்பாடு செய்தார். இன்று நாம் உருகிப் பேசுகிற 'அந்த நீலப் படுக்கை' ஒரு மந்திரி கையெழுத்துப் போட்டதால் வந்தது. அதற்கு முன் இருபது வருஷம் அதே பெட்டி, அதே சுருள்வில், மெத்தை மட்டும் இல்லை. சாதாரண ஜனங்களின் முதுகுக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று யாராவது தீர்மானிக்க வேண்டியிருந்தது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

குறைகளைச் சொல்லாவிட்டால் இது மதிப்புரை ஆகாது.

பெரம்பூர்ப் பெட்டிகளைத் திருகுச் சங்கிலியால் கோப்பார்கள். இரு பக்கமும் இடிதாங்கிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். பெரிய மோதலில், அல்லது வேகத்தில் தடம் புரளும்போது, ஒரு பெட்டியின் முனை எழும்பி அடுத்த பெட்டியின் மேல் ஏறிவிடும். ஏறினால், கீழே உள்ள பெட்டியின் சுவரைப் பிளந்துகொண்டு உள்ளே போகும். மரப்பெட்டியின் எந்தக் குற்றத்தைத் தீர்க்க அது பிறந்ததோ அந்தக் குற்றமே, வேகமும் பாரமும் கூடிய காலத்தில், அதன் மேலும் வந்து சேர்ந்தது. 2016 நவம்பர் 20-ம் தேதி விடியற்காலையில் கான்பூர் அருகே புக்ராயானில் இந்தூர் பாட்னா எக்ஸ்பிரஸ் தடம் புரண்டபோது 150 பேர் அளவில் இறந்தார்கள். ஒன்றோடொன்று மோதி நசுங்கிய தூங்கும் பெட்டிகளில் சாவு குவிந்தது. அந்த 72 பேர் கணக்கை, நடுப் பலகைச் சங்கிலியை, தொட்டில் ஆட்டத்தை எல்லாம் வைத்துக்கொண்டு அந்த விடியற்காலையை யோசித்துப் பார்க்க வேண்டும். யோசித்த பிறகும் பழைய பெட்டியே ஓடட்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

எங்கள் தெருவில் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கிறார். பெட்டியைப் பெட்டியோடு கோப்பது அவர் வேலையாக இருந்தது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து நுழைந்து, சங்கிலியைத் தூக்கிக் கொக்கியில் மாட்டித் திருக வேண்டும். நான் பழைய பெட்டியைப் பற்றி எழுதப் போவதாகச் சொன்னதும் சிரித்தார். "பெட்டி நல்ல பெட்டிதான் சார். எல்லாரும் ஜன்னலோரமா உக்காந்து பார்த்திருக்கீங்க. நான் நடுவிலே நின்னு பார்த்தவன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பெட்டியைப் பற்றி நான் கேட்ட அபிப்பிராயங்களில் இதைவிடச் சுருக்கமான விமரிசனம் வேறில்லை.

இன்னொரு குறை இருக்கிறது. எந்த இரங்கல் கட்டுரையும் அதன் பக்கம் போவதில்லை. கழிப்பறை. தரையில் ஒரு குழாய். அதன் வழியே எல்லாம் தண்டவாளத்தில் விழும். நிலையத்தில் நிற்கும்போது உபயோகிக்காதீர்கள் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அதை நாம் எவ்வளவு மதித்தோம் என்பது விடிகாலையில் பிளாட்பாரத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். விழுந்ததை வாரியது யார்? அவர்கள் எந்தச் சாதியிலிருந்து வந்தார்கள்? மனித மலத்தை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-ல் புதிதாக வந்தது. அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ரயில்வேயின் பெயரும் சேர்ந்தே அடிபட்டது. பிறகுதான் பெட்டிக்கு அடியில் தொட்டி கட்டி, கிருமிகளைக் கொண்டு கழிவைக் கரைக்கும் ஏற்பாடு வேகமாக எல்லாப் பெட்டிகளுக்கும் வந்தது. பெரம்பூர்ப் பெட்டிக்கும் வந்தது. அதற்கு முன் எத்தனையோ வருஷங்கள் நம் இனிய ரயில் பிரயாணங்களுக்குக் கீழே ஒரு வரிசை மனிதர்கள் குனிந்துகொண்டிருந்தார்கள். பொறியியல்காரர்கள் சொல்லும் ஒரு விவரம் இங்கே பொருந்தும்: பழைய பெட்டிகளில் எஃகு துருப்பிடித்து அரிப்பது கழிப்பறையைச் சுற்றித்தான் மிகவும் அதிகம். பெட்டியையும் அது அரித்தது.

எல்.எச்.பி. பெட்டி இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றைத் தீர்க்கிறது. துருப்பிடிக்காத எஃகில் செய்த உடல். தட்டு பிரேக். பெட்டிகளை நடுவில் ஒரே இணைப்பு பிடித்துக்கொள்வதால் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது அநேகமாக இல்லை. பழைய பெட்டிகள் பொதுவாக மணிக்கு 110 கிலோ மீட்டரில் ஓடியவை. இது 160 வரை போகும். நீளம் இரண்டு மீட்டர் கூடியதால் தூங்கும் பெட்டியில் 10 தடுப்புகள், 80 பேர். குறையும் உண்டு: புறப்படும்போதும் நிற்கும்போதும் ஒரு குலுக்குக் குலுக்கும், தூங்குகிறவர் விழித்துக்கொள்வார். இந்தப் பெட்டி வந்தால் சாவே இல்லை என்றும் யாரும் நினைத்துவிட வேண்டாம். 2023 ஜூன் 2-ம் தேதி ஒடிசாவில் பஹானாகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் தவறான தடத்தில் திருப்பப்பட்டு, நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். அது எல்.எச்.பி. வண்டிதான். சைகை பிழைத்தால் எஃகு காப்பாற்றாது. ஆனாலும் எஃகு காப்பாற்றக்கூடிய இடத்தில் காப்பாற்றட்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது.

என் உண்மையான குறை வேறு. ஜெர்மன் கம்பெனியோடு ஒப்பந்தம் 1995-ல். முதல் பெட்டிகள் வந்தது 2000-ம் வருஷம். அவை முதலில் எந்த வண்டிகளுக்குப் போயின? சதாப்தி, ராஜதானி. குளிர்சாதன வண்டிகள், கூடுதல் கட்டணம் கொடுப்பவர்களின் வண்டிகள். பழைய மாதிரி உற்பத்தி நின்றது 2018-ல். நடுவில் 18 வருஷம். எது மேலான பெட்டி என்று தெரிந்த பிறகும், சாதாரண வண்டிகளுக்குப் பெரும்பாலும் பழையதையே செய்து அனுப்பிக்கொண்டிருந்தோம். பணமும் உற்பத்திச் சக்தியும் போதவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் போதாத பொருளை யாருக்கு முதலில் கொடுப்பது என்பதில் ஒரு தீர்மானம் இருந்தது அல்லவா? புக்ராயானில் நசுங்கியவை தூங்கும் பெட்டிகள். பழைய பெட்டி நல்ல பெட்டி என்று நாம் கொஞ்சிக்கொண்டிருந்தது, அந்தத் தீர்மானம் செய்தவர்களுக்குச் சௌகரியமாகத்தான் இருந்திருக்கும். ரசிகர்கள் பாராட்டிக்கொண்டிருக்கும் வரையில் நாடகக் கம்பெனி திரைச்சீலையை மாற்றாது.

கடைசியாக ஜன்னல். இரங்கல்களில் நியாயமான இரங்கல் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். குறுக்குக் கம்பி போட்ட ஜன்னல். கண்ணாடிக் கதவு ஒன்று, தகட்டுக் கதவு ஒன்று. அதைத் திறந்தால் வாடிப்பட்டியின் நெல் வாசனையும் கொடைரோடின் மலைக்காற்றும் காசில்லாமல் உள்ளே வரும். ஆனால் இந்த ஜன்னலை மூடியது எல்.எச்.பி. மாதிரி என்று சொல்வது தவறு. எல்.எச்.பி.யிலும் குளிர்சாதனமில்லாத தூங்கும் பெட்டி உண்டு. அதன் ஜன்னல் திறக்கும். பெரம்பூரில் செய்து 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய அம்ரித் பாரத் வண்டி முழுவதுமே குளிர்சாதனம் இல்லாதது. அதே பெரம்பூரில் செய்து 2019-ல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் வண்டியின் ஜன்னலோ திறக்காது. கட்டணமும் எல்லோருக்கும் எட்டாது. ஒரே தொழிற்சாலை இரண்டையும் செய்கிறது. ஆகவே ஜன்னல் திறப்பதும் திறக்காததும் எஃகைப் பொறுத்த விஷயம் அல்ல. ஒரு வண்டியில் எத்தனை பெட்டி குளிர்சாதனம், எத்தனை பெட்டி சாதாரணம் என்று பங்கு போடுகிறவர்களைப் பொறுத்தது. பல நீண்ட தூர வண்டிகளில் சாதாரணத் தூங்கும் பெட்டிகள் குறைந்து, குளிர்சாதனப் பெட்டிகள் கூடியிருப்பதைப் பிரயாணம் செய்கிறவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். முன்பதிவு இல்லாத பெட்டியின் வாசலில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் உடம்பால் அறிகிறார்கள்.

நான் தண்டவதேயை இழுத்தது இதற்காகத்தான். 2 அங்குல நுரையை ஒருவர் தீர்மானித்துப் போட்டார். அப்படியே, குறைந்த கட்டணத்தில் படுத்துக்கொண்டு போகக்கூடிய, காற்று வரக்கூடிய, மோதினாலும் பிளக்காத பெட்டி போதுமான எண்ணிக்கையில் வேண்டும் என்றும் தீர்மானிக்க முடியும். பழைய பெட்டியின் பெயரால் நாம் கேட்க வேண்டியது அதைத்தான். 'அந்தக் காலம் போச்சே' என்று எழுதினால் கேட்பவருக்குச் செலவு ஒன்றும் இல்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். 'இந்த வண்டியில் நேற்று வரை இருந்த தூங்கும் பெட்டி எங்கே?' என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வயதான பெட்டிகளை ரயில்வே என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வதும் நல்லதுதான். 25 வருஷம் ஆனதும் அவற்றில் பலவற்றின் ஆசனங்களைப் பிடுங்கி, ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, கடைசிச் சுவரில் கதவு வைத்துவிடுகிறார்கள். புதிய மோட்டார்க் கார்களை ஏற்றிக்கொண்டு அவை ஊர் ஊராகப் போகின்றன. 2020-ல் கொரோனா வந்தபோது 5,000-க்கு மேற்பட்ட தூங்கும் பெட்டிகளை நோயாளிகளைத் தனியே வைப்பதற்கான வார்டுகளாக மாற்றினார்கள். ஜன்னல் திறக்கும், காற்று வரும் என்பதே அவற்றின் தகுதியாயிற்று. இப்போது சில நிலையங்களின் வாசலில் ஓட்டலாகவும் அவை நிற்கின்றன. உழைத்த பொருளுக்கு இதெல்லாம் அகௌரவம் என்று எனக்குத் தோன்றவில்லை. வேலை செய்வதற்காகச் செய்த பெட்டி. கடைசி வரை ஏதோ ஒரு வேலை செய்கிறது.

மொத்தத்தில் பெரம்பூர்ப் பெட்டி நல்ல பெட்டி. தன் காலத்தின் பெரிய கேள்விக்கு அது கௌரவமான பதில் சொல்லிற்று. அடுத்த காலத்தின் கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. அப்போதும் அதையே ஓட்டிக்கொண்டிருந்தது பெட்டியின் பிழை ஆகாது. அது போகட்டும். அதில் 72 பேருக்கு இருந்த இடம் மட்டும் அதே விலையில், புதிய எஃகுக்குள், இன்னும் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.